தானா ராத்தாவில் படிவம் ஒன்று முதல் மூன்று வரை: தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் அடைவுநிலையும் பெற்றோர் பங்கேற்பும்

மலேசியத் தமிழ்க்கல்வி குறித்த நம் எழுத்துகள் பெரும்பாலும் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை, கட்டடங்களின் நிலை, யூ.பி.எஸ்.ஆர். தேர்ச்சி விழுக்காடு ஆகியவை மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டுள்ளன. அப்பள்ளியை விட்டு வெளியேறிய மாணவன் தேசிய இடைநிலைப்பள்ளியில் கழிக்கும் முதல் மூன்று ஆண்டுகள் அந்த அளவிற்கு நம் கவனத்தைப் பெறவில்லை. படிவம் ஒன்று முதல் மூன்று வரையிலான இக்கட்டமே பல பிள்ளைகளின் கல்விப் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது என்பது தமிழாசிரியர்கள் அறியாததன்று. ஆயினும் அது நம் கைக்கு அப்பாற்பட்ட கட்டம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைக் கேமரன் மலையின் தானா ராத்தா வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய்வோம். ஒரு குறிப்பிட்ட பள்ளியின் தேர்வு முடிவுகளை வரிசைப்படுத்துவது நம் நோக்கமன்று. ஒரு பள்ளியின் அடைவுநிலை என்பது எதனால் உருவாகிறது, அதில் பெற்றோருக்கும் ஊராருக்கும் உள்ள இடம் யாது என்பதே நம் வினா.

மலையும் பள்ளிகளும்

1885-ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மலைப்பகுதி, தாப்பாவிலிருந்து சாலை அமைந்த பின்னரே குடியேற்றத்திற்கு உரியதாயிற்று. ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளர்கள் முதன்மையானவர்கள். ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா எனச் சாலையோரத்தில் ஊர்கள் வளர்ந்தன. தோட்டங்களோ சாலையிலிருந்து பிரியும் ஒடுங்கிய மலைப்பாதைகளின் கோடியில் அமைந்தன. பள்ளிக்கு வருவது பற்றிப் பேசும்போது இந்த நில அமைப்பை மறத்தலாகாது. வரைபடத்தில் சில கிலோமீட்டராகத் தோன்றும் தொலைவு, மழைக்காலத்தில் மண் சரியும் வளைவுப் பாதையில் வேறொன்றாகிவிடும்.

இம்மலையின் கல்வி வரலாற்றில் ஒரு முரண் உண்டு. குளிர்ந்த தட்பவெப்பத்தைக் கருதி ஐரோப்பியப் பிள்ளைகளுக்கென இங்கு விடுதிப் பள்ளிகள் நிறுவப்பட்டன. சிங்கப்பூரில் தாங்லின் பள்ளியை நடத்திய ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார் 1934-இல் கேமரன் மலையிலும் ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார். பிரித்தானியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடைபெற்ற ஸ்லிம் பள்ளி 1951 முதல் 1964 வரை இயங்கியது. தொலைதூரத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து இடைநிலைக் கல்வி வழங்கத்தக்க இடமாக இம்மலை கருதப்பட்ட அதே காலத்தில், இம்மலையிலேயே பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வி என்பது தோட்டப் பள்ளியின் சில வகுப்புகளோடு முடிந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் அகவையில் பத்துப் பிள்ளைகளேனும் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அச்சட்டம் பள்ளி வேண்டும் என்றதே தவிர, அப்பள்ளி எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதைப் பற்றிப் பேசவில்லை.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. தானா ராத்தாவிலும், ரிங்லெட்டிலும், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயர் தாங்கியும் அமைந்த தமிழ்ப்பள்ளிகள் இவ்வட்டாரத் தொடக்கக்கல்வியின் அடித்தளம். தமிழ்வழி இடைநிலைப்பள்ளி நாட்டில் எங்கும் இல்லையாதலால், இப்பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்குப்பின் தானா ராத்தாவின் சுல்தான் அகமது ஷா இடைநிலைப்பள்ளி போன்ற தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்கே செல்கின்றனர்.

வாயில் திறந்த வரலாறு

இடைநிலைப்பள்ளியின் வாயில் எல்லாருக்கும் திறந்தது 1965-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுவரை நுழைவுத் தேர்வில் தேறியவர்க்கே இடம். ஒன்பதாண்டுப் பொதுக்கல்வி நடைமுறைக்கு வந்தபோது தமிழ்ப்பள்ளி மாணவர் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்று, பின்னர்ப் படிவம் ஒன்றில் சேர்ந்தனர். காலப்போக்கில் தேசியமொழியில் குறித்த தரத்தை எட்டியவர்கள் அவ்வகுப்பின்றி நேரே படிவம் ஒன்றுக்குச் செல்லும் முறை ஏற்பட்டது. 1970-இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய பயிற்றுமொழி மாற்றம் 1976-இல் படிவம் ஒன்றை எட்டியது. ஆங்கிலவழி இடைநிலைப்பள்ளிகள் ஒவ்வொரு படிவமாக மலாய்வழிப் பள்ளிகளாயின.

மூன்றாம் படிவத்தின் இறுதியில் நின்ற தேர்வின் பெயர் பலமுறை மாறியது. எல்.சி.இ., 1978 முதல் எஸ்.ஆர்.பி., 1993 முதல் பி.எம்.ஆர்., 2014 முதல் பி.டி.3. பெயர் மட்டும் மாறவில்லை, தேர்வின் பணியும் மாறியது. எஸ்.ஆர்.பி. வரையிலான காலத்தில் அத்தேர்வு ஒரு கதவு. அதில் தவறியவர் நான்காம் படிவம் செல்ல இயலாது. தோட்டத்தில் அதன் பொருள் வெளிப்படையானது: பதினைந்து பதினாறு அகவையில் கொழுந்துக் கூடையை எடுப்பது. பி.எம்.ஆர். வந்தபின் எல்லாரும் ஐந்தாம் படிவம்வரை செல்லும் பதினோராண்டுக் கல்வி இயல்பாயிற்று. வாயிலில் நின்று மாணவரைத் தடுக்கும் தேர்வு அகன்றது நன்மையே. ஆனால், தடுக்கப்படாமல் வகுப்பில் அமர்ந்திருப்பதும் கற்பதும் ஒன்றல்ல. பாடம் விளங்காத மாணவன் ஐந்தாம் படிவம்வரை ஓசையின்றிக் கடந்துபோக முடிகிறது. அல்லது இடையிலேயே ஓசையின்றி நின்றுவிடவும் முடிகிறது.

மொழி மாறும் இடம்

இந்த ஓசையின்மைக்கு முதற்காரணம் பயிற்றுமொழி மாற்றம். தமிழ்ப்பள்ளியில் தேசியமொழி ஒரு பாடம். இடைநிலைப்பள்ளியில் அதுவே ஏறக்குறைய எல்லாப் பாடங்களின் மொழி. தமிழ்ப்பள்ளிக்கான தேசியமொழிப் பாடத்திட்டமும் தேசியப்பள்ளிக்கானதும் ஒன்றல்ல. எனவே படிவம் ஒன்றின் முதல் நாளிலேயே இருவேறு தொடக்கப்புள்ளிகளில் நிற்கும் மாணவர் ஒரே பாடநூலைத் திறக்கின்றனர்.

பேச்சுமொழியாக மலாய் தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிதன்று. கடையிலும் பேருந்திலும் அவன் அதைப் பேசுகிறான். இடர் தருவது பாடமொழி. ஆறாம் ஆண்டில் பின்னம் என்று கற்றதைப் படிவம் ஒன்றில் பெச்சாஹான் என்று காண்கிறான். பரப்பளவு லுவாஸ் ஆகிறது. ஒளிச்சேர்க்கை ஃபோத்தோசிந்தேசிஸ் ஆகிறது. கருத்து அவனிடம் உள்ளது. அக்கருத்திற்கான கதவின் பெயர் மாறிவிட்டது. இதை உணராத ஆசிரியர், மாணவனுக்குக் கணிதம் தெரியவில்லை என முடிவு செய்கிறார். மாணவனும் சில மாதங்களில் அதையே நம்பத் தொடங்குகிறான். 2003-இல் தொடங்கி அடுத்த பத்தாண்டிற்குள் கைவிடப்பட்ட ஆங்கிலவழி அறிவியல், கணிதத் திட்டம் இக்குழப்பத்தில் மூன்றாவது மொழியையும் சேர்த்தது. அதைப் பற்றி ஏற்கெனவே மிகுதியாக எழுதப்பட்டுவிட்டதால் இங்கு விரிக்கவில்லை.

மொழிமாற்றம் மட்டுமே விளக்கமாகாது என்பதற்கு இலங்கை மலையகம் சான்று. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அரசு பொறுப்பேற்ற அங்குள்ள தோட்டப் பள்ளிகளில் பயிற்றுமொழி தொடர்ந்து தமிழே. நுவரெலியாவின் தேயிலைத் தோட்டத்து மாணவன் ஆறாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பிற்குச் செல்லும்போது மொழிச்சுவரைத் தாண்டுவதில்லை. இருப்பினும் அங்கும் இடைநிலை வகுப்புகளில் இடைநிற்றலும், கணித, அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறையும் நெடுங்காலச் சிக்கல்களாகவே இருந்துவந்துள்ளன. இரு மலைகளுக்கும் பொதுவாக இருப்பது மொழியன்று. தோட்டம் என்னும் வாழ்விடம்.

தோட்டப் பள்ளியில் பெற்றோர்

தோட்டப் பள்ளியில் பெற்றோர் பங்கேற்பு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. வீட்டு வரிசை, கோயில், பள்ளி, மருந்தகம், கடை அனைத்தும் கூப்பிடு தொலைவில் இருந்தன. ஆசிரியர் மாலையில் கோயிலில் தென்படுவார். தண்டலின் மகனும் வெட்டுக்காட்டில் பணிபுரிபவரின் மகளும் ஒரே வகுப்பில் இருப்பர். பிள்ளை ஒருநாள் பள்ளிக்கு வராவிட்டால் காரணம் மறுநாளைக்குள் ஆசிரியர் செவிக்கு எட்டிவிடும். பள்ளி வேலி சாய்ந்தால் ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங். விளையாட்டுப் போட்டிக்குத் தோட்டமே திரளும். பள்ளியைக் குறித்த செய்தி பள்ளியைத் தேடிப் போகாமலேயே பெற்றோரை வந்தடைந்தது. இதனைப் பொற்காலமாகச் சித்திரிக்க நாம் விரும்பவில்லை. அப்பங்கேற்பு உழைப்பாகவும் நன்கொடையாகவும் இருந்ததேயன்றி, கற்பித்தல் பற்றிய உரையாடலாக அரிதாகவே இருந்தது. எனினும் தொடர்பு இருந்தது.

பிள்ளை தானா ராத்தாவின் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் இத்தொடர்பு ஒரே விடுமுறைக் காலத்தில் அறுந்துவிடுகிறது. பள்ளி நடக்கும் நேரமும் தோட்டத்தின் பெரட்டு நேரமும் மோதுகின்றன. நாட்கூலி பெறுபவர் பள்ளிக் கூட்டத்திற்கு வர ஒருநாள் வருமானத்தை இழக்க வேண்டும். கூட்டம் நடைபெறும் மொழி மலாய். அதுவும் அலுவலக மலாய். ஆசிரியர்களுட் பலர் சமவெளியிலிருந்து பணியமர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்பவர்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெற்றோர் தாம் படித்திராத வகுப்புகளைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. ஆறாம் ஆண்டுவரை தாய் ஓரளவு பார்த்துச் சொல்ல முடிந்த வீட்டுப்பாடம் படிவம் ஒன்றில் அவள் கையை விட்டுப் போகிறது. இதை அக்கறையின்மை என அறிக்கைகளில் எழுதுவது எளிது. அச்சொல் இங்குப் பொருந்தாது என்பதே நம் கருத்து.

தேயிலைத் தோட்டங்களே மாறிவிட்டதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கொழுந்து பறிப்பில் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் தொழிலாளர் மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல ஊர்ப்புறங்களுக்கும் சமவெளி நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. எஞ்சியோருட் சிலர் காய்கறி, பூந்தோட்டங்களிலும் தங்கும் விடுதிகளிலும் பணிபுரிகின்றனர். தோட்டம் ஒரு சமூகமாக ஒருங்கே வந்து பள்ளிமுன் நிற்கும் நிலை இன்றில்லை. குடும்பங்கள் தனித்தனியே வருகின்றன.

சட்டத்தில் உள்ள இடம்

சட்டத்தளவில் பெற்றோருக்கு இடம் இல்லாமலில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் குறித்த 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வோர் அரசுப்பள்ளியிலும் அச்சங்கம் அமைதல் வேண்டும். 2013-இல் கல்வி அமைச்சு வெளியிட்ட கல்விப் பெருந்திட்டமும் பெற்றோர் ஈடுபாட்டை ஒரு முதன்மைக் கூறாகக் கொண்டது. ஆனால் பல்லினப் பள்ளி ஒன்றின் பொதுக்கூட்டத்தில் சிறுபான்மையினரான தோட்டத்துப் பெற்றோர் செயலவையில் இடம்பெறுவது தானாக நிகழ்வதன்று. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் வேறொரு வழியைக் கையாண்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்றும் சட்டமே விதித்தது. எண்ணிக்கையை விதித்துவிட்டால் குரல் பிறந்துவிடும் என நாம் கருதவில்லை. எனினும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருவர் குழுவில் அமர்வதற்குச் சட்டத்தின் துணை உண்டு. தானா ராத்தாவில் அமர்பவர் தம் முயற்சியால் அமர வேண்டும்.

மலேசியச் சட்டத்தில் பெற்றோரின் குரல் எண்ணாக மாறும் இடம் ஒன்று உண்டு. தமிழாசிரியர்கள் அதனைச் சொல்லுக்குச் சொல் அறிந்திருத்தல் நலம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விளக்கப் பிரிவு, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது. இதில் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, கணக்கின் அலகு பள்ளி. வகுப்போ படிவமோ அன்று. படிவம் ஒன்றில் அறுவர், இரண்டில் ஐவர், மூன்றில் நால்வர் என்றிருந்தாலும் எண்ணிக்கை நிறைவடைகிறது. இரண்டாவது, அங்கு வேண்டப்படுவது தமிழ் மாணவர் பதினைவர் இருப்பதன்று. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்பது. அறுபது மாணவர் இருந்தும் பெற்றோர் கேட்கவில்லையெனில் சட்டம் தானாக இயங்காது. (இதே சட்டம் இம்மலையின் பூர்வகுடியினரான செமாய் மக்களின் மொழிக்கும் பதினைந்து என்ற எண்ணையே வைக்கிறது, ஆனால் நடைமுறைக்கு இயலுமாயின் என்னும் நிபந்தனையையும் சேர்க்கிறது. தமிழுக்கு அந்நிபந்தனை இல்லை என்பதை நாம் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.)

தமிழ்மொழிப் பாடம் நடைபெறுவதால் அடைவுநிலைக்கு என்ன பயன் என வினவலாம். மொழிப்பற்று ஒருபுறம் இருக்க, நாம் சுட்ட விரும்புவது வேறு. இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருப்பதென்பது, பெற்றோர் தம் மொழியில் பேசத்தக்க ஒருவர் ஆசிரியர் அறையில் இருப்பதென்பதாகும். வராத பிள்ளை ஏன் வரவில்லை, பின்னத்தில் தடுமாறுபவன் பின்னத்தில் தடுமாறுகிறானா அல்லது பெச்சாஹான் என்ற சொல்லில் தடுமாறுகிறானா என்பதைப் பிரித்தறியத்தக்கவர் அவரே. பதினைந்து கையொப்பங்கள் பெற்றுத் தருவது ஒரு பாடவேளையை மட்டுமன்று.

அளவுகோல் மறைந்தபின்

இத்தொடர்பின் தேவை அண்மை ஆண்டுகளில் மிகுந்துள்ளது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் பி.டி.3 தேர்வு 2022-இலும் முற்றாக நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வகுப்பறை மதிப்பீடும் கல்வித்தவணை இறுதித் தேர்வும் உள்ளன. வகுப்பறை மதிப்பீடு மாணவனை ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலைகளில் வைக்கிறது. கற்பித்தலுக்கு இது உகந்த முறை என்பதில் கல்வியியலார் பலரும் உடன்படுவர், நாமும் உடன்படுகிறோம். ஆனால் பொதுத்தேர்வு பெற்றோருக்குச் செய்துவந்த ஒரு பணியை அது செய்வதில்லை. பி.எம்.ஆர். முடிவுத்தாளில் எத்தனை ஏ என்பது எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கியது. அறிவியலில் அடைவுநிலை மூன்று என்றால் குறைந்தபட்சத் தரத்தை எட்டியுள்ளான் என்று பொருள். அதற்குமேல் மூன்று படிகள் உள்ளன என்பதைப் பெற்றோர்க்கு யாரேனும் எடுத்துரைத்தாலன்றி அவ்வெண் வெறும் எண்ணே. தேர்ச்சி என்று கேட்டு மனநிறைவடையும் தந்தை, பிள்ளை ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வில் தடுமாறும்போதுதான் முதன்முறையாக அதிர்ச்சியடைகிறார். அப்போது ஐந்து ஆண்டுகள் கடந்திருக்கும்.

ஆகவே முன்பு ஒரு பட்டியலில் எல்லார்க்கும் தெரிந்த அடைவுநிலை, இன்று பள்ளியோடு பேசுபவர்க்கு மட்டுமே தெரிவதாகிவிட்டது. பேசும் வசதியுள்ள நகர்ப்புறப் பெற்றோர்க்கு இதனால் இழப்பில்லை. தோட்டத்துப் பெற்றோர்க்கே இழப்பு. அமெரிக்காவில் 1966-இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர் அடைவுநிலையில் பள்ளி வளங்களைவிடக் குடும்பப் பின்னணியின் பங்கு பெரிது எனக் காட்டியது. அதற்குப்பின் ஜாய்ஸ் எப்ஸ்டைன், பெற்றோர் ஈடுபாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: குழந்தை வளர்ப்பு, செய்தித் தொடர்பு, தன்னார்வப் பணி, வீட்டுக் கற்றல், முடிவெடுத்தல், சமூகக் கூட்டுறவு. நம் தோட்டப் பெற்றோர் தன்னார்வப் பணியில் என்றும் குறைந்தவரல்லர். குறைவது செய்தித் தொடர்பும் முடிவெடுத்தலுமே. இவ்விரண்டும் பள்ளி முன்வந்து திறக்க வேண்டியவை.

சமூகம் செய்தவை, செய்யக்கூடியவை

கல்விக்காகக் கூடும் பழக்கம் மலேசியத் தமிழரிடம் இல்லையெனக் கூற இயலாது. 1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில், கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் எங்கள் உயிர் இயக்கத்தில் எளிய மக்கள் தந்த சிறுதொகைகள் தமிழ்நூல் திரட்டுக்கு உதவின. 1982-இல் முனைவர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், இடைநிலைப்பள்ளி மாணவர்க்கான துணைவகுப்புகளைக் கோயில் சார்ந்த உணர்வோடு இணைத்து நாடெங்கும் பரப்பியது. பல்கலைக்கழகத் துறைக்காகவும் தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்காகவும் திரண்ட சமூகம், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடைநிலைப்பள்ளியைத் தன்னுடையதாகக் கருதாமற்போனது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. அப்பள்ளியின் பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை என்பதே காரணமாயின், அது போதிய காரணமன்று. அங்கு அமர்ந்திருப்பவர் நம் பிள்ளைகளே.

தானா ராத்தா போன்ற சிறிய வட்டாரத்திற்கு ஒரு வாய்ப்பு உண்டு. பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப்பள்ளிகள் சில. ஏற்கும் இடைநிலைப்பள்ளிகள் அவற்றினும் சில. பெருநகரில் இயலாத ஒன்று இங்கு இயலும்: அனுப்பும் ஆசிரியரும் ஏற்கும் ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்வது. ஆறாம் ஆண்டு ஆசிரியர் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் ஆறு ஆண்டு அறிவு உடையவர். அவ்வறிவு, மதிப்பெண் தாளைத் தவிர வேறெவ்வடிவிலும் மலைச்சாலையைக் கடந்து செல்வதில்லை. கணிதம், அறிவியல் ஆகியவற்றின் படிவம் ஒன்றுக்குரிய கலைச்சொற்களைத் தமிழிலும் மலாயிலும் அருகருகே தரும் சிறுகையேடு ஒன்றை ஆறாம் ஆண்டின் இறுதி வாரங்களில் பயிற்றுவிப்பதும் இயலாததன்று. அதற்கு அமைச்சின் ஆணை தேவையில்லை. இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் சந்திப்புகளுள் ஒன்றையேனும் தோட்டக் கோயில் மண்டபத்தில், வேலை முடிந்த மாலையில் நடத்தப் பள்ளி முதல்வர்களிடம் கேட்கலாம். ஆசிரியர் சிலர் ஒருமுறை மலைப்பாதையில் இறங்கி வருவது, பெற்றோர் பலர் ஒருநாள் கூலியை இழப்பதைவிட எளிது.

2003-இல் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025-இல் ஏற்றது. பிள்ளை பள்ளியில் இருத்தலைச் சட்டம் உறுதிசெய்யக்கூடும். பதினைந்து மாணவர்தம் பெற்றோரின் கையொப்பம் எவ்வலுவலகத்திலிருந்தும் வருவதில்லை. அதற்குரிய பெயர்ப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியரின் வருகைப்பதிவேட்டில் இருக்கிறது. தானா ராத்தா, ரிங்லெட், சுங்கை பாலாஸ் ஆகிய பள்ளிகளின் பதிவேடுகளை ஆண்டிறுதிக்கு முன் ஒன்றாக வைத்து, யார் எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார் எனக் குறித்து, அப்பெற்றோரை அழைத்து விண்ணப்பத்தில் கையொப்பம் பெறுவது ஒரு மாலைநேர வேலை.